முப்பத்தைந்து தடவை

சென்ற மாரியில் நிலவறையை ஒதுக்கும்போது பழைய கணினி ஒன்று வெளியே வந்தது. 1997 இல் தவணை முறையில் வாங்கியது. நகரசபையின் மின்கழிவுக் கொள்கலனில் போட்டுவிடலாம் என்றான் மகன். பெட்டியின் திருகாணிகளைக் கழற்றி வன்தட்டை மட்டும் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். 4.3 கிகாபைட். மகன் சிரித்தான்.

"என்னப்பா இருக்கு இதுக்குள்ள?"

"ஆக்களின்ர கதையள்."

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் பகல் முழுக்கத் தொழிற்சாலை வேலை, இரவில் மொழிபெயர்ப்பு என்று எனக்குக் காலம் போனது. அகதிக் கோரிக்கை வைப்பவர்கள் அப்போது பி.ஐ.எஃப். என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். 2012 முடியும்வரை அந்தப் படிவம் நடைமுறையில் இருந்தது. ஏன் நாட்டைவிட்டு வந்தீர்கள் என்று அதில் ஒரு பகுதி. ஆட்கள் என் சாப்பாட்டு மேசையில் இருந்து சொல்வார்கள். நான் முதலில் தமிழில் தட்டுவேன், வாசித்துக் காட்டுவேன், பிறகு ஆங்கிலமாக்கி வழக்கறிஞரிடம் கொடுப்பேன். எந்த முகாம், எந்தத் தலையாட்டி, யார் வீட்டில் ஒளித்திருந்தது, எந்தப் பிள்ளை எந்த இயக்கத்துக்குப் போனது, தங்கைக்கு என்ன நடந்தது. ஊர்ப் பெயர், ஆட்பெயர், திகதி எல்லாமே இருந்தன. இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நம்பமாட்டார்கள். 31 பேருடைய வாக்குமூலங்கள்.

2003 இல் அந்த வேலையை நிறுத்தியபோது கோப்புறையை அழித்தேன், குப்பைத்தொட்டிப் படத்தையும் அமத்திக் காலிசெய்தேன். கடமை முடிந்தது என்று நினைத்தேன். அது அழிவே இல்லை என்று பிறகுதான் வாசித்து அறிந்தேன். அந்த வாசிப்பிலிருந்து வந்ததுதான் இக்கட்டுரை.

டொஸ் காலத்தில் ஒரு கோப்பை அழி என்று கட்டளையிட்டால், கணினி அட்டவணையில் அந்தக் கோப்பின் பெயருடைய முதல் எழுத்தை மட்டும் எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு குறியை வைக்கும். பதினாறடிமான எண்முறையில் அது ஈ5. இந்த இடம் காலி, வேண்டியவர் எழுதலாம் என்று அதற்கு அர்த்தம். கோப்பின் உள்ளடக்கம் கிடந்த இடத்தில் அப்படியே கிடக்கும். பீட்டர் நோர்ட்டன் 1982 இல் வெளியிட்ட மீட்கும் மென்பொருள் இந்த ஓட்டையை வைத்துத்தான் வாழ்ந்தது. 1991 இல் வந்த டொஸ் 5 இல் மீட்கும் கட்டளையும் சேர்ந்தே வந்தது. அது பயனரிடம் கேட்பது ஒரேயொரு கேள்வி: பெயரின் முதல் எழுத்து என்ன? அதைச் சொன்னால் செத்தது எழும்பி வரும்.

என் கோப்புகளுக்கு இன்னொரு வேடிக்கையும் உண்டு. யுனிகோட் பரவுவதற்கு முன்னர் எங்களில் பலர் பாமினி எழுத்துருவில்தான் தட்டினோம். 'அம்மா' என்று தட்டினால் கணினிக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பிதற்றல்போல இருக்கும். இதுவே ஒரு பூட்டு என்று ஒருகாலம் என்னைச் சமாதானப்படுத்தியிருக்கிறேன். ஆனால் அந்தக் கோப்புகளைத் தேடக்கூடிய எவரிடமும் பாமினி இருக்கும்.

அழித்தது அழியவில்லை என்பதற்கு அரசியல் வரலாற்றில் பெரிய உதாரணம் 1986 நவம்பர். ஈரானுக்கு ஆயுதம் விற்று நிக்கராகுவாவின் கொன்ட்ராக்களுக்குப் பணம் கொடுத்த விவகாரம் வெடித்தபோது, வெள்ளைமாளிகையின் பாதுகாப்பு ஆலோசகர் ஜோன் பொயின்டெக்ஸ்ரர் தன் கணினியிலிருந்து 5,000க்கு மேற்பட்ட மின்மடல்களை அழித்தார். ஒலிவர் நோர்த் எழுநூறுக்கு மேல். நோர்த் கடதாசிகளை இயந்திரத்தில் போட்டு நறுக்கியும் பார்த்தார். ஆனால் அந்த மின்மடல்கள் காப்பு நாடாக்களில் இருந்தன. விசாரணைக்கு வந்தவர்கள் அவற்றை எடுத்து வாசித்தார்கள்.

அது அரசர்களுடைய கதை. சாதாரண ஆட்களுடைய கதையை எழுதியவர்கள் சிம்சன் கார்ஃபின்கல், அபி ஷெலட் என்ற எம்.ஐ.ரி. மாணவர்கள் இருவர். கார்ஃபின்கல் 1998 இல் கடையொன்றில் பழைய கணினிகள் சில வாங்கினார். அவற்றில் ஒன்று வழக்கறிஞர் அலுவலகமொன்றின் கோப்புகள் இருந்த கணினி. கட்சிக்காரர்களின் இரகசியங்கள் உள்ளேயே இருந்தன. அதன்பிறகு 2000 நவம்பருக்கும் 2002 ஆகஸ்டுக்கும் இடையில் இருவரும் பழைய வன்தட்டுகள் 158 வாங்கினார்கள். வேலை செய்தவை 129. அவற்றுள் ஒழுங்காகத் துடைக்கப்பட்டிருந்தவை 12. மீதியில் கடனட்டை இலக்கங்கள் ஐயாயிரம், மருத்துவக் கடிதங்கள், காதல் கடிதங்கள். ஒன்று இலினோய் மாநிலத்தில் ஒரு பணம் எடுக்கும் இயந்திரத்துக்குள் இருந்த தட்டு, ஒரு வருடக் கணக்கோடு வந்திருந்தது. விற்றவர்களில் பலர் ஃபோர்மட் செய்துவிட்டே விற்றிருந்தார்கள். ஃபோர்மட் என்பது, பெரும்பாலும், அட்டவணையை மட்டும் புதிதாக எழுதுவது.

2003 தொடக்கத்தில் வெளியான அந்த ஆய்வை நான் வாசித்தது பல வருடம் பிந்தி. வாசித்தபோது நினைவுக்கு வந்தது கையிலிருந்த தட்டு அல்ல. அதற்கு முந்தியது. 1994 இல் கடனுக்கு வாங்கிய முதற் கணினியை 1999 இல் ஃபோர்மட் செய்து, அறிந்த குடும்பமொன்றின் பள்ளிக்கூடப் பொடியனுக்குக் கொடுத்திருந்தேன். 31 வாக்குமூலங்களில் பாதிக்கு மேல் முதலில் அதில்தான் தட்டினேன்.

சரி, எப்படித்தான் அழிப்பது? நியூசிலாந்து ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தின் பீட்டர் குட்மன் 1996 இல் ஒரு கட்டுரை வாசித்தார். காந்தத் தட்டில் ஒரு பூச்சியத்தின்மேல் ஒன்று எழுதினால் அது சரியாக ஒன்றாகாது, ஏறத்தாழ 0.95 ஆகும். ஒன்றின்மேல் ஒன்று எழுதினால் 1.05. அந்தச் சிறு வித்தியாசத்தை நுண்கருவியால் பார்த்தால் கீழே இருந்ததை ஊகிக்கலாம் என்றார். பள்ளிக்கூடச் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தவர்களுக்கு இது புதிதல்ல. பழைய எழுத்து வெள்ளையாகக் கீழே தெரியும்.

அதற்கு மருந்தாக 35 தடவை மேலெழுதும் வரிசை ஒன்றைக் கொடுத்தார். முதல் நான்கும் கடைசி நான்கும் தற்செயல் எண்கள். நடுவில் 27, வெவ்வேறு வகைத் தட்டுகளின் பதிவுமுறைக்கு ஏற்ப வகுத்தவை. அதாவது எந்தத் தனித் தட்டுக்கும் 35 உம் தேவையே இல்லை. உலகம் அதைக் கேட்கவில்லை. அழிப்பு மென்பொருள்களில் எல்லாம் '35 தடவை' என்ற தெரிவு வந்தது. பேயோட்டும் மந்திரம்போல ஆக்கிவிட்டார்கள் என்று குட்மனே பின்னர் சலித்து எழுதினார். அமெரிக்க நியம நிறுவனம் 2006 இல் வெளியிட்ட வழிகாட்டி, 2001 க்குப் பின் செய்யப்பட்ட வன்தட்டுகளுக்கு முழுவதையும் ஒரு தடவை மேலெழுதினாலே போதும் என்றது. தட்டில் எழுத்துகள் அவ்வளவு நெருங்கிவிட்டன, கீழே எஞ்ச இடமில்லை.

அந்த நிம்மதியும் நீடிக்கவில்லை. இப்போதைய கணினிகளில் சுழலும் தட்டு இல்லை, சில்லு. சில்லு தேயாமல் இருக்க, எழுதுவதை உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று தானாகவே இடம் மாற்றி மாற்றி வைக்கும். நாம் பழைய இடத்தில் மேலெழுதினோம் என்று நினைப்போம், அது வேறிடத்தில் எழுதியிருக்கும். சான் டியேகோ கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் 2011 இல் சோதித்துப் பார்த்தார்கள். தனிக் கோப்பு ஒன்றை மட்டும் துடைக்கும் வழிகள் ஒன்றுமே அவற்றில் சரிவரவில்லை. ஆகவே தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் மறைகுறியாக்கி வைத்து, கடைசியில் திறவுகோலை அழிப்பதுதான் இப்போது சொல்லப்படும் வழி.

இல்லாவிட்டால் இரும்பும் நெருப்பும். 2013 ஜூலை 20 அன்று இலண்டன் கார்டியன் பத்திரிகையின் நிலவறையில், பிரித்தானிய உளவு நிறுவன ஆட்கள் இருவர் பார்த்திருக்க, ஸ்னோடன் கோப்புகள் இருந்த கணினிகளைப் பத்திரிகைக்காரரே அரைக்கும் இயந்திரத்தாலும் துளைக்கும் இயந்திரத்தாலும் சிதைத்தார்கள். பிரதிகள் வேறு நாடுகளில் இருந்தது இரு தரப்புக்கும் தெரியும். சடங்குக்காகச் செய்த வேலை என்றே எனக்குப் படுகிறது. சிதைந்த துண்டுகளை 2015 இல் விக்ரோரியா அன்ட் அல்பேர்ட் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள்.

அழிப்பவன் குற்றவாளி, காப்பவன் நல்லவன் என்றொரு கணக்கை நாங்கள் எளிதாகப் போட்டுவிடுகிறோம். யாழ் நூலகம் எரிந்த இனத்துக்கு அது இயல்பு. ஓலைச்சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போன உ.வே. சாமிநாதையருக்கு, பழைய ஏடுகளை நெருப்பில் ஆகுதி செய்துவிட்டோம் என்று பதில் கிடைத்த கதையை வாசித்து நொந்தவர்கள் நாங்கள். ஆனால் கிழக்கு ஜேர்மனியைப் பாருங்கள். 1989 மாரியில் ஸ்டாசி உளவாளிகள் தங்கள் கோப்புகளை நறுக்கினார்கள். இயந்திரங்கள் பழுதாகக் கையால் கிழித்தார்கள். ஏறத்தாழ 16,000 மூட்டைகள். 1995 முதல் நியூரம்பெர்க்குக்கு அருகே ஆட்கள் மேசையில் இருந்து அவற்றை ஒட்டத் தொடங்கினார்கள். அதே ஸ்டாசியின் கணினி நாடாக்களை 1990 தொடக்கத்தில் அழிக்க ஒப்புக்கொண்டதோ, ஆட்சியை எதிர்த்தவர்களும் இருந்த வட்டமேசை. யார் கையிலாவது அகப்பட்டால் ஒரு பொத்தானில் எல்லாருடைய பெயரும் வந்துவிடும் என்ற பயம். பயந்தது தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. 1988 இல், இந்திய இராணுவச் சுற்றிவளைப்புக்கு முதல்நாள் இரவு, அண்ணாவின் கடிதங்களை அம்மா அடுப்பில் வைத்தார். படங்களைச் சவர்க்காரப் பெட்டியில் போட்டு வாழையடியில் தாட்டார். கடிதங்கள் போனதால் அண்ணாவின் கையெழுத்து எங்களிடம் இல்லை. போனதால்தான் அப்பா அடுத்தநாள் வீட்டுக்குத் திரும்பினார்.

ஆகவே வன்தட்டைத் துளைக்க முன், கைக்கு எட்டியவர்களிடம் கேட்பது என்று தீர்மானித்தேன். 31 பேரில் ஒன்பது பேருடைய இலக்கம் கிடைத்தது. "அதை இன்னும் வச்சிருக்கிறியளோ?" என்றார் ஒருவர். இருபது வருடத்துக்குப் பிறகும் குரல் தாழ்ந்தது. அவர் ஒவ்வொரு வருடமும் ஊருக்குப் போய்வருபவர். ஏழு பேர் அழிக்கச் சொன்னார்கள். ஒருவர் இறந்திருந்தார். மனைவிக்கு அப்படியொரு வாக்குமூலம் இருந்ததே தெரியாது. தொலைபேசியில் அதைச் சொன்னது என் பிழை.

ஒன்பதாவது, ஸ்காபறோவில் இருக்கும் ஓர் அக்கா. மகள் கேட்கிறாளாம்.

"இங்கிலீசில அரசாங்கத்திட்ட இருக்கும் அக்கா, எழுதிக் கேக்கலாம்."

"அது வழக்கறிஞர் சொன்ன கதை தம்பி. நான் சொன்னது உங்களிட்டத்தான் கிடக்கு."

மீட்கும் மென்பொருளை ஓடவிட்டேன். 2003 இல் நான் அழித்தவற்றில் பெரும்பகுதி பத்து நிமிடத்தில் வரிசையாக வந்து நின்றது. மற்றவற்றைத் திறக்காமல் அக்காவுடையதை மட்டும் பாமினியில் திறந்து அச்செடுத்தேன். 14 பக்கம். உறையில் போட்டுக் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு தட்டு முழுவதையும் பூச்சியங்களால் மேலெழுதினேன். 2001 க்கு முந்திய தட்டு என்பதால் இன்னும் இரண்டு தடவை. கராஜில் மகன் அதில் நான்கு துளை போட்டான். அலுமினியத் தூள் வெள்ளியாய் உதிர்ந்தது.

1999 இல் கணினி வாங்கிய பொடியன் இப்போது இரண்டு பிள்ளைகளின் தகப்பன். போன மாதம் கலியாண வீடொன்றில் கண்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. கொஞ்சநேரம் யோசித்தான்.

"அதோ அங்கிள்? 2002 இல வீடு மாறேக்க றோட்டோரம் வச்சனாங்கள். விடியப் பாத்தா இல்லை. ஆரோ எடுத்திருப்பினம்."