முள்கம்பிக்குள் லயங்கள்: வட சிலாங்கூர்த் தோட்டங்களில் 1950-களின் ஒருங்குசேர்ப்பும் அதன் தளவரைவும்

மலாயா அவசரகாலத்தின் குடியிருப்புப் பொறியியலைப் பற்றி எழுதுவோர் புதுக்கிராமங்களுக்கு நூல்களை ஒதுக்குகிறார்கள். தோட்டத் தொழிலாளருக்கு ஓரிரு பத்திகளை ஒதுக்குகிறார்கள். ஜெனரல் பிரிக்ஸின் மறுகுடியேற்றத் திட்டத்தின்கீழ் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டவர்கள் ஐந்து இலட்சத்துக்கு மேல். அதே ஆண்டுகளில் தோட்டம், ஈயச்சுரங்கம் போன்ற வேலைத்தலங்களில் வேலியிட்ட வளாகங்களுக்குள் ஒருங்குசேர்க்கப்பட்டவர்கள் ஏறத்தாழ ஆறரை இலட்சம். இவர்களில் பெரும்பான்மையினர் தோட்டத்து மக்கள். எண்ணிக்கையில் பெரிய நிகழ்வுக்கு ஆய்வில் சிறிய இடம் கிடைத்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் ஒன்றே: அவர்கள் தொலைவுக்குப் போகவில்லை. ஒரே தோட்டத்துக்குள் சில நூறு கெஜம் நகர்ந்தார்கள்; பலர் நகரவே இல்லை, இருந்த லயத்தை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, சுற்றிக் கம்பிதான் வந்தது. ஆகவே ஒருங்குசேர்ப்பு என்பது மறுகுடியேற்றத்தின் மென்மையான வடிவம் என்று முடிக்கிறார்கள். இந்த வாசிப்பு அளக்க வேண்டியதை விட்டு வேறொன்றை அளக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். சான்றுக்குரிய நிலப்பரப்பாக ராசா, கோலகுபு பாரு, பத்தாங்காலி அடங்கிய மலையடிவாரத் தோட்டங்களையும், சிலாங்கூர் ஆறு கடலைச் சேரும் கோலசிலாங்கூர்ச் சமவெளித் தோட்டங்களையும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் அந்த ஆறரை இலட்சம். பின்வந்த ஆய்வாளர்கள் பலரும் எடுத்தாளும் இந்த எண் ஒரே செயலைக் குறிப்பதாக வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. உண்மையில் அதற்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு கட்டுமான வேலைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, இருந்த லயங்களைச் சுற்றி வேலி போட்டுக் கதவு வைத்தது. இரண்டாவது, ஒதுக்குப்புறமாக இருந்த சில வீடுகளை மட்டும் பிரித்து மையத்துக்குக் கொண்டுவந்தது. மூன்றாவது, பல டிவிஷன்களின் லயங்களைக் கலைத்து, ஆபீசுக்கும் ஸ்டோருக்கும் பக்கத்தில் ஒரே வளாகமாகக் கட்டியது. மூன்றையும் ஒரு கூட்டுத்தொகையாக்கி, அதில் முதல் வகையே மிகுதி என்று ஊகித்து, ஆகவே மாற்றம் சிறிது என்று சொல்வது இரண்டு படிகளில் தவறுகிறது. முதற்படி, எந்த வகை எவ்வளவு என்பது அந்தத் தொகையிலிருந்து பிரித்தெடுக்கக் கூடியதல்ல. இரண்டாம் படி இன்னும் முக்கியமானது: வீடு நகராத இடத்திலும் தளவரைவு மாறுகிறது. ஒரு குடியிருப்பை உருவாக்குபவை சுவர்கள் மட்டுமல்ல. பீலி (தண்ணீர்க் குழாய்) எங்கே, பெரட்டுக்களம் (காலை ஆளெடுப்புத் திடல்) எங்கே, ஆயாக் கொட்டகை (குழந்தைக் காப்பகம்) எங்கே, மாடு மேயும் சதுப்பும் மரவள்ளி போட்ட ஓடைக்கரையும் எங்கே, கோயிலுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை எது என்பவையும் சேர்ந்ததே லயம். வேலிக்கோடு இவற்றுக்கு நடுவே விழுந்தபோது சில உள்ளே நின்றன, சில வெளியே போயின. உள்ளே நின்றவை பெரும்பாலும் வேலைக்கு வேண்டியவை. வெளியே போனவை பெரும்பாலும் தொழிலாளி தன் பாட்டுக்கு வைத்துக்கொண்டவை. சுவர் இம்மியும் அசையாத லயத்தில்கூட இந்தப் பிரிவினை நடந்துவிடுகிறது. பெயர்ந்த தொலைவைக் கெஜத்தில் கணக்கிடுபவர்களின் கண்ணுக்கு இது படாது.

இந்த வேலிக்கோட்டின் கனத்தை உணர, அதற்கு முன்பிருந்த அமைப்பின் காரணங்களைப் பார்க்க வேண்டும். பால்மரத் தோட்டத்தில் லயங்கள் சிதறிக் கிடந்தது தற்செயலல்ல. மரத்தில் பால் விடியற்காலையில்தான் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறையும். முந்நூறு, நானூறு மரங்களை வெட்டி முடித்து, மீண்டும் அதே நிரையில் நடந்து மங்குகளில் சேர்ந்ததை வாளியில் ஊற்ற வேண்டிய ஒருவர், இருட்டில் வெகுதூரம் நடந்து வந்து அதைச் செய்ய முடியாது. எனவே டிவிஷனுக்கு ஒரு லயம். இதோடு காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. மருத்துவர் மால்கம் வாட்சன் 1901 முதல் கிள்ளானிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் செய்த வேலை, மலேரியா ஒரே நோயானாலும் நிலத்துக்கு நிலம் அதன் கொசு வேறு என்பதைக் காட்டியது. கடலோரச் சமவெளியில் காட்டை அழித்து வடிகால் வெட்டினால் காய்ச்சல் குறைந்தது. மலையடிவாரத்தில் அதே வைத்தியம் எதிராக வேலை செய்தது. நிழல் நீங்கி வெயில் பட்ட தெளிந்த ஓடைகளில் அனாபிலிஸ் மாகுலாட்டஸ் கொசு பெருகியது. ஆகவே ராசா பக்கத்து மேட்டுத் தோட்டத்தில் லயத்தை எங்கே நிறுத்துவது என்பது ஓடைப்பள்ளத்திலிருந்து எவ்வளவு விலகுவது என்ற கணக்கு. கோலசிலாங்கூர்ப் பக்கம் அது வடிகாலின் கணக்கு. இரண்டு நிலங்களிலும் தளவரைவைத் தீர்மானித்தவை மரமும் நீரும் கொசுவும். லாபத்தை முன்னிட்ட கணக்குகள்தாம் அவை; ஆனாலும் அவற்றில் தொழிலாளியின் நடையும் உடம்பும் ஓர் இலக்கமாக இடம்பெற்றிருந்தன.

1950-க்குப் பிறகு வந்த அளவுகோலில் அந்த இலக்கம் இல்லை. ஜெனரல் பிரிக்ஸின் திட்டம் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை உணவிலிருந்தும் செய்தியிலிருந்தும் பிரிப்பதை நோக்கமாகக் கொண்டது. அதைக் கட்டடக்கலை மொழியில் சொன்னால் மூன்று தேவைகள்: சுற்றளவு குறைய வேண்டும், ஏனெனில் கம்பியும் காவலும் சுற்றளவைப் பொறுத்தவை, வேலிக்கு அப்பால் பார்வை மறையாத வெட்டவெளி வேண்டும், வாசல்கள் சோதனை செய்யக்கூடிய அளவுக்குச் சிலவாக இருக்க வேண்டும். இவை ஒரு பாசறையை வடிவமைக்கும் பொறியாளர் முன்வைக்கும் தேவைகள். இங்கே அவை குழந்தைகளும் முதியவர்களும் குடியிருக்கும் இடத்துக்கு வைக்கப்பட்டன. இவற்றை நடைமுறைப்படுத்திய மாவட்டப் போர்ச் செயற்குழுவில் மாவட்ட அதிகாரி, போலீஸ் அதிகாரி, ராணுவ அதிகாரி ஆகியோரோடு தோட்டக்காரத் துரைமார்களின் குரலுக்கும் இடமிருந்தது. லயத்தில் குடியிருந்தவர்களுக்கு இல்லை. விளைவை ஒரு காலைப்பொழுதில் பார்க்கலாம். ஊரடங்கு விலகிக் கதவு திறக்கும்வரை வெட்டுக்காரர் உள்ளேயே நிற்கிறார். பால் ஓடும் நல்ல நேரம் வெளியே கழிகிறது. கதவில் ஸ்பெஷல் கான்ஸ்டபிள் வாளியைப் பார்க்கிறார், மடியைப் பார்க்கிறார், ஒரு பிடி அரிசி காட்டுக்குப் போகக்கூடாது என்பதற்காக. உணவுக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த பகுதிகளில் நிரையில் உட்கார்ந்து பசியாறுவதற்கான சோற்றுப் பாத்திரமும் வாசலைத் தாண்டவில்லை. மறுகுடியேற்றத்தின் மென்மையான வடிவம் என்ற தீர்ப்பை இந்த வாசலில் நின்று சொல்ல முடியுமா என்று கேட்கத் தோன்றுகிறது.

மலேரியா இந்த மாற்றத்தைத் தடுத்திருக்க வேண்டுமே என்று கேட்கலாம். நெருக்கிக் கட்டிய வளாகம் மேட்டு நிலத்தில் காய்ச்சலை அழைப்பதாகும். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் எந்தத் தோட்ட மருத்துவரும் அதை எதிர்த்திருப்பார். ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் டி.டி.டி. தெளிப்பும் பாலுட்ரின் மாத்திரையும் வந்துவிட்டன. சுவரில் மருந்தடித்தால் போதும் என்றானபோது, ஓடையிலிருந்து விலகி நிற்க வேண்டும் என்ற பழைய கட்டுப்பாடு தளர்ந்தது. அந்தத் தளர்வில் ராணுவக் கணக்கு நுழைந்தது. இதை ஓர் அனுமானமாகவே முன்வைக்கிறேன். ஆனால் காலப் பொருத்தம் மிக நெருக்கமானது. சுகாதாரப் பொறியியலின் வரலாற்றையும் பாதுகாப்புப் பொறியியலின் வரலாற்றையும் தனித்தனியே எழுதும் வழக்கம்தான் இதை மறைத்திருக்கிறது.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு, லயம் எப்போதுமே ஒரு மூடிய இடமாகத்தான் இருந்தது, கம்பி அதைக் கண்ணுக்குக் காட்டியது, அவ்வளவே என்பது. தோட்டத்தை முழுச் சிறையாக விவரிக்கும் ஆய்வுமரபு ஒன்று இதை விரும்பிச் சொல்கிறது. அந்த மரபின் நோக்கத்தில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை, சான்றில் உண்டு. 1941 மார்ச் முதல் மே வரை கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள். கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தின் ஒழிப்பு ஆகியவற்றோடு, உறவினரும் நண்பரும் லயத்துக்குத் தடையின்றி வந்துபோக வேண்டும் என்பதும் அதில் இருந்தது. வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதனும் அவருடைய தோழர்களும் தோட்டம் தோட்டமாகச் சென்று ஆளைத் திரட்ட முடிந்தது. முழுமையாக மூடிய இடத்தில் அது நடந்திருக்காது. லயத்துக்குள் யார் வரலாம் என்பது 1941-இல் முடிவு தெரியாத ஒரு வழக்காக இருந்தது. துருப்புகளைக் கொண்டு வேலைநிறுத்தத்தை ஒடுக்கியும் அந்த வழக்கு தீரவில்லை. 1948-க்குப் பின் தொழிற்சங்கங்கள் ஒடுக்கப்பட்டன, 1949 மே மாதம் தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி தூக்கிலிடப்பட்டார், அதன்பின் வந்த கம்பியும் கதவும் அந்த வழக்கைத் துரை பக்கமே தீர்த்துவைத்தன. காட்டுக்குப் போகும் அரிசியைத் தடுத்த அதே கதவு தோட்டத்துக்குள் வரும் சங்கக்காரரையும் தடுத்தது. லயம் எப்போதும் மூடியதே என்ற தொடர்ச்சி வாதம் இந்தப் பத்தாண்டின் போராட்டத்தையே கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கிவிடுகிறது.

வேறு இரண்டு மறுப்புகளுக்கு நீண்ட பதில் தேவையில்லை. நிர்வாகச் செலவைக் குறைக்கத் தோட்டங்கள் எப்படியும் லயங்களை மையப்படுத்தியிருக்கும் என்பது முதலாவது. அப்படியென்றால் வெட்டும் நேரம் வீணாவதைப் பற்றித் துரைமார்கள் குறைபட்டிருக்க மாட்டார்கள். ஒருங்குசேர்ப்பால் குழாய்நீரும் மின்விளக்கும் வந்தன என்பது இரண்டாவது. வந்த இடங்களில் வந்தன; ஆனால் ஒளி முதலில் வேலியின்மேல் விழுந்தது, பிறகுதான் வீட்டுக்குள்.

புதுக்கிராமத்தோடு ஒப்பிடும்போதுதான் உண்மையான வேறுபாடு தெரிகிறது. அது தொலைவில் இல்லை, நில உரிமையில் இருக்கிறது. ராசாவிலும் பத்தாங்காலியிலும் சீனக் குடும்பங்கள் புதுக்கிராமங்களுக்குள் அடைக்கப்பட்டன. அவர்கள் பட்ட துன்பம் குறைவானதல்ல. 1948 டிசம்பரில் பத்தாங்காலிக்கு அருகே ஸ்காட்ஸ் காவற்படையினர் 24 கிராமத்தவரைச் சுட்டுக்கொன்ற மண் இது. ஆனால் புதுக்கிராமம் அரசு நிலத்தில் எழுந்தது. தற்காலிக உரிமமாகவோ குத்தகையாகவோ மனைக்கு ஒரு தாள் கிடைத்தது. 1952-இன் உள்ளூராட்சி மன்றச் சட்டம் அதற்கு ஒரு மன்றம் அமைய வழி தந்தது. கம்பி போன பிறகு அது ஊராக நிலைத்தது. தோட்டத்து வளாகம் முதலாளியின் பட்டாவுக்குள் எழுந்தது. அதே காலத்தில், அதே தேவைகளுக்காக, ஏறத்தாழ அதே தளவரைவில் எழுந்த இரண்டு குடியிருப்புகளில் ஒன்றுக்கு மட்டும் சட்டத்தின் பார்வையில் இடம் கிடைத்தது. ஓர் ஊரைப் பெயர்ப்பதே அநீதி என்று நான் சொல்லவில்லை. ராசாவுக்கு அடுத்த கோலகுபு பாருவே அதற்குச் சாட்சி: ஈயச்சுரங்க மண் படிந்து மேடேறிய ஆற்றின் வெள்ளத்துக்குத் தப்பி, 1920-களில் சார்ல்ஸ் ரீட் வரைந்த திட்டப்படி அந்நகர் முழுவதுமாக இடம் மாறியது, தெருவும் மனையும் பசுமைவெளியும் குடிமக்களுக்காக வரையப்பட்டன.

1960 ஜூலை 31-இல் அவசரகாலம் முடிந்தது. கம்பி அவிழ்ந்தது, நெருக்கிக் கட்டிய வளாகம் அப்படியே நின்றது, ஓடைக்கரைத் தோட்டமும் மேய்ச்சலும் திரும்பவில்லை. 1966-இன் தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் அறையையும் கூரையையும் கழிப்பிடத்தையும் அளந்தது. வீடு நிற்கும் மண் யாருடையது என்று கேட்கவில்லை. தோட்டம் கைமாறும்போது வீட்டையும் இழக்கும் நிலையின் வேர்களில் ஒன்றை இங்கே தேட வேண்டும். வட சிலாங்கூரின் புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, நைகல் கார்ட்னர், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டத்து மக்களின் வீட்டுக் கோரிக்கை பல பத்தாண்டுகள் நீண்டதைத் தோட்டத்துறையின் சரிவாக மட்டும் விளக்குவது போதாது. ஆறரை இலட்சம் என்ற எண்ணை இனி எடுத்தாள்வோர் அதை முதலில் மூன்றாகப் பிரிக்கட்டும். பிறகு ஒவ்வொரு தோட்டத்தின் வேலிக்கோட்டையும் நிலப்பட்டாவையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கட்டும்.