சானடோரியத்தில் இறங்கியவர்கள்

கடற்கரையிலிருந்து வரும் மின்ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்த ஸ்டேஷன் தாம்பரம் சானடோரியம். தொண்ணூறுகளில், நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், அங்கே இறங்குகிறவர்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள். "அவங்க பக்கத்துல உக்காராத" என்பார் அம்மா. டி.பி.க்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்திருந்தேன். அம்மா பயந்தது எய்ட்ஸுக்கு.

ஸ்டேஷனுக்குப் பெயர் கொடுத்த காசநோய் மருத்துவமனையை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலையில் இப்படி ஒன்றை நடத்தியவர். 1937-ல் அது அரசு வசமானது. எச்.ஐ.வி. உடம்பின் எதிர்ப்பைக் குறைத்ததும் முதலில் புகுந்துகொள்வது பெரும்பாலும் காசநோய்தான். அதனால் நோயாளிகள் இங்கே வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி.யை முதலில் கண்டறிந்ததும் இதே ஊர்தான்: 1986, சென்னை மருத்துவக் கல்லூரி, டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். பிறகு பணம் வந்தது. 1995 முதல் அமெரிக்காவின் யுஎஸ்எய்ட் நிதி, டாக்டர் கே.எஸ். சஞ்சீவி நிறுவிய தரமணி வி.எச்.எஸ். மருத்துவமனை வழியாக, ஏபேக் என்ற திட்டத்தின் பெயரில், சின்னச் சின்னத் தொண்டு நிறுவனங்களுக்கு மானியமாகப் போனது. லாரி டிரைவர்கள், பாலியல் தொழில் செய்யும் பெண்கள் என்று யாரும் பேச விரும்பாதவர்களிடம் அவர்கள் பாஷையிலேயே பேச வேண்டும் என்பது ஏற்பாடு. டாக்டர் சொன்னால் கேட்காத பெண், கூடவே தொழில் செய்கிறவள் சொன்னால் கேட்பாள். இதைப் புரிந்துகொண்டு காசு கொடுத்தது பெரிய விஷயம் என்றே நினைக்கிறேன். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெல்லாம் விளம்பரம் வைத்தபோதும் (அது வேறு கதை) இதே நம்பிக்கைதான்.

ஆனால் அந்தக் காசு முக்கியமாக, நோய் வராமல் தடுக்க. வந்துவிட்டவர்களுக்கு?

கூட்டு மருந்துக்கு அப்போது வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். 2001-ல் சிப்லா 350 டாலருக்குத் தருவதாக அறிவித்த பிறகும் லாரி கிளீனருக்கு அது எட்டாக்கனிதான். அந்த இடைவெளியில் தாம்பரத்தில் டாக்டர் தெய்வநாயகம் கையில் எடுத்தது சித்த மருந்தை: ரசகந்தி மெழுகு, அமுக்கரா சூரணம், நெல்லிக்காய் லேகியம். அலோபதி படித்த நெஞ்சக நோய் மருத்துவர் அவர். நோயாளிக்குப் பசி எடுத்தது, எடை கூடியது என்று பதிவு செய்தார்கள். வைரஸை அது அழித்தது என்று நான் சொல்ல மாட்டேன், அதற்குப் போதிய ஆதாரம் இல்லை. ஆனால் பாட்டி வீட்டில் பார்த்த லேகியத்தை ஒருவர் கையில் கொடுத்து, படுக்கையும் கொடுத்து, "நாளைக்கும் சாப்பிடு" என்று சொல்வதற்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் கிடையாது.

2004 ஏப்ரலில் அரசின் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியபோது முதல் மையங்களில் ஒன்று தாம்பரம். அடுத்த ஆண்டு அதே சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் திறந்தார்கள்.

அம்மா இப்போது முழங்கால் வலிக்கு அங்கேதான் போகிறார். பல்லாவரம் தாண்டினால் கண் அசந்துவிடுவார். "சானடோரியம் வந்தா எழுப்பி விடுடா."