திரிஃப்ட் ஸ்டோர்களில் தொன்பொருள் தேடல்

மக்கள் நன்கொடையாகத் தரும் பழைய பொருள்களை மலிவு விலைக்கு விற்று, வருவாயைத் தொண்டுப் பணிகளுக்குச் செலவிடும் கடைகளே திரிஃப்ட் ஸ்டோர்கள். அமெரிக்காவில் பரவலாக உள்ள இக்கடைகளில், துணிமணிக்கும் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் நடுவே தொன்பொருள்களும் கிடைப்பதுண்டு. அமெரிக்கச் சுங்க விதிப்படி நூறாண்டு கடந்ததே தொன்பொருள். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் பெரும்பாலான பொருள்களுக்கு இதே வரம்பைத்தான் வைத்திருக்கிறது. அவ்வளவு பழைமை இல்லாமல், ஒரு காலகட்டத்தின் சாயலை மட்டும் தாங்கி நிற்பவற்றை வணிகர்கள் ‘விண்டேஜ்’ என்பார்கள்.

இக்கடைகளில் பெயர்பெற்றது குட்வில். மெதடிஸ்ட் போதகர் எட்கர் ஹெல்ம்ஸ் 1902இல் பாஸ்டனில் தொடங்கியது. வசதியான வீடுகளில் பழைய துணியும் சாமான்களும் திரட்டி, ஏழைகளைக் கொண்டே செப்பனிடச் செய்து விற்றார்.

ஒருவர் இறந்த பிறகோ, முதியோர் இல்லத்துக்குப் போன பிறகோ வீட்டைக் காலிசெய்பவர்கள் பெட்டி பெட்டியாகச் சாமான்களை இக்கடைகளில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். அது பாட்டிக்கு வந்த கல்யாணச் சீரா, நேற்று வாங்கியதா என்று சொல்ல ஆள் இருப்பதில்லை. பொருளின் வரலாறு கடை வாசலிலேயே அறுந்துவிடுவதால்தான் அரிய பொருளும் அற்ப விலைக்கு வருகிறது. அதை மீட்பதற்கு அந்தப் பொருளே சாட்சி.

ஆகவே கைதேர்ந்தவர்கள் எதையும் முதலில் கவிழ்த்துப் பார்ப்பார்கள். அமெரிக்காவுக்கு இறக்குமதியாகும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டம் விதித்தது. அந்த விதி மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. ‘நிப்பான்’ என்ற முத்திரையுள்ள ஜப்பானியப் பீங்கான் பெரும்பாலும் அதற்கும் 1921க்கும் இடைப்பட்டது. பிறகு ‘ஜப்பான்’ என்றே குறிக்க வேண்டியதாயிற்று. ‘ஆக்குபைடு ஜப்பான்’ என்றிருந்தால், 1952இல் முடிந்த நேச நாட்டு ஆக்கிரமிப்புக் காலத்தது. ஆனால் போலி முத்திரைகளும் உண்டு. பல காலம் மேசையில் புழங்கிய கிண்ணத்தின் அடியில் கீறல்கள் தாறுமாறாக ஓடும். பழையதாகக் காட்ட உரசியதில் அவை ஒரே வாக்கில் கிடக்கும்.

கறுத்துப்போன கரண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். காம்பின் பின்புறம் ‘ஸ்டெர்லிங்’ என்றிருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. நடக்கும் சிங்கமும் பக்கத்தில் நங்கூரமும் இருந்தால், பர்மிங்காமில் சோதித்து முத்திரையிட்ட வெள்ளி. கூடவே உள்ள ஒற்றை எழுத்து ஆண்டைச் சொல்லும். ‘இ.பி.என்.எஸ்.’ என்றால் நிக்கல் கலவைமேல் பூசிய வெள்ளி முலாம். காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக வெள்ளி என்று நம்பிவிடக் கூடாது. இந்தக் கலவையிலும் காந்தம் ஒட்டாது. யுரேனியம் கலந்த பழைய கண்ணாடியைக் கண்டுபிடிப்பது எளிது: புற ஊதா விளக்கில் பளிச்சென்று பச்சையாக ஒளிரும்.

1999இல் குட்வில் இணைய ஏலத் தளத்தைத் தொடங்கியதிலிருந்து, விலைபோகும் பொருள்களில் பல தனியே பிரிக்கப்பட்டு அங்கே போய்விடுகின்றன. அப்படியும் தப்பி வருபவை உண்டு. டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் 2018இல் ஒரு குட்வில் கடையில், தொன்பொருள் வணிகம் செய்யும் பெண் ஒருவர் 34.99 டாலருக்கு ஒரு பளிங்கு மார்பளவுச் சிலையை வாங்கினார். விலைச் சீட்டு அதன் கன்னத்தில் ஒட்டியிருந்தது. எடை ஏறக்குறைய 23 கிலோ. சுமார் 2000 ஆண்டு பழைமையான ரோமானியச் சிற்பம் அது என்று வல்லுநர்கள் கண்டறிந்தார்கள். பவேரிய மன்னர் முதலாம் லூத்விக், பொம்பேய் வீடு ஒன்றை மாதிரியாகக் கொண்டு அஷாஃபன்பர்க் நகரில் 1840களில் கட்டிய மாளிகையில் இருந்த சிலை. இரண்டாம் உலகப் போரில் அந்த மாளிகை குண்டுவீச்சில் சேதமடைந்தது. பின்னர் அங்கே முகாமிட்ட அமெரிக்கப் படைவீரர் எவரேனும் எடுத்துவந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது.

சிலையைச் சொந்தமாக்கிக்கொள்ள இங்கே ரசீது மட்டும் போதவில்லை. ஜெர்மனி அச்சிலையை விற்கவே இல்லை. ஆகவே உரிமையும் அதனிடமே இருந்தது. பேச்சுவார்த்தைக்குப் பின் உடன்பாடு ஏற்பட்டு, 2022 மே முதல் ஓராண்டு சான் அன்டோனியோ கலை அருங்காட்சியகத்தில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. அதன்பின் பவேரியாவுக்குத் திரும்பியது.