முத்துக்குளித்துறையும் பனீர் உற்பத்தியின் வரலாறும்

பனீர் என்பது சூடாக்கிய பாலில் அமிலம் சேர்த்துத் திரித்து, நீரை வடித்து, அழுத்திக் கட்டியாக்கப்படும் பாலுணவு. பாலாடைக்கட்டியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லே இந்திய மொழிகளில் இப்பெயராக வழங்குகிறது. திருமண வீடுகளில் தெளிக்கப்படும் பன்னீருக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. ஆனாலும் தமிழ்நாட்டு உணவகங்களின் விலைப்பட்டியலில் இதையும் 'பன்னீர்' என்றே எழுதுவது வழக்கமாகிவிட்டது.

தூத்துக்குடியை மையமாகக் கொண்ட முத்துக்குளித்துறைக் கடற்கரை, 16ஆம் நூற்றாண்டு முதலே ஐரோப்பியரின் உணவுப் பழக்கங்களை அறிந்திருந்தது. இருந்தும் பனீர் இங்கே அன்றாடக் கடைச்சரக்கானது 20ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில்தான். உபரிப்பாலும் குளிர்வசதியும் ஒன்றுசேர்ந்த பிறகே இப்பொருளுக்கு வழி பிறந்தது.

ஐரோப்பியரும் பால் திரித்தலும்

போர்த்துக்கேயர் 1530களில் இக்கடற்கரையில் காலூன்றினர். பரதவர் கத்தோலிக்க சமயம் தழுவியது அந்தப் பத்தாண்டில்தான். 1542இல் பிரான்சிஸ் சேவியர் இங்கு வந்தார். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமானது. 1825இல் இறுதியாக ஆங்கிலேயரிடம் சென்றது.

இதே போர்த்துக்கேயர் வங்காளத்தில் ஊக்ளி ஆற்றங்கரையிலும் குடியேறினர். போர்த்துக்கேயர் வாழும் இடங்களில் இனிப்புப் பண்டங்கள் சிறப்பாக இருப்பதை 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பயணி பெர்னியே குறித்துள்ளார். பாலைத் திரித்துச் 'சானா' எடுக்கும் வழக்கம் வங்காளத்தில் வலுப்பட்டதற்குப் போர்த்துக்கேயரே காரணம் என்பது உணவு வரலாற்றாய்வாளர் கே. டி. அச்சயாவின் கருத்து. நல்ல பாலைத் திரியவைப்பது அதற்கு முன் தகாததாகக் கருதப்பட்டது என்பார் அவர். இக்கருத்துக்கு மறுப்பும் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் இயற்றிய 'மானசோல்லாசம்' என்னும் வடமொழி நூலிலேயே, புளிப்புச் சேர்த்துத் திரித்த பாலில் செய்யும் பண்டங்கள் கூறப்பட்டுள்ளன.

முத்துக்குளித்துறையில் அப்படி ஒரு பால்கட்டி மரபு வேரூன்றவில்லை. ஐரோப்பியத் தொடர்பின் அடையாளமாக இன்று தூத்துக்குடியில் பெயர்பெற்று விளங்குவது மக்ரூன். முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி ஆகியவற்றால் ஆன இப்பண்டத்தில் பால் இல்லை. அடுப்பு வெப்பத்தில் ஈரம் முழுவதும் வற்றிவிடுவதால், காற்றுப் புகாத டப்பாவில் பல நாள் கெடாமல் இருக்கும்.

ஈரமே தடை

வெப்பமான நாட்டில் பாலைக் காப்பதற்கு முன்னோர் கண்ட வழிகள் பலவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. ஒன்று ஈரத்தைப் போக்கினர். அல்லது தாமாகவே புளிக்கவிட்டனர். வெண்ணெயை உருக்கி நெய்யாக்குவதும், பாலைச் சுண்டக் காய்ச்சிப் பால்கோவா ஆக்குவதும் முதல் வகை. தயிரும் மோரும் இரண்டாம் வகை. தூத்துக்குடிக்கு வடமேற்கே உள்ள ஸ்ரீவில்லிபுத்தூர், பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு பெற்ற ஊர். அங்கே உபரிப்பாலைக் காப்பதற்கு அடுப்பும் சர்க்கரையும் போதுமாக இருந்தன.

பனீர் இவ்விரண்டிலும் சேராது. அதன் எடையில் பாதிக்கு மேல் நீர்தான். உப்போ சர்க்கரையோ அதில் கிடையாது. கடற்கரை வெயிலில் ஒரு நாள் வெளியே வைத்தால் கெட்டுவிடும். டச்சுக் கப்பல்களின் உணவுக் கையிருப்பில் இருந்த பாலாடைக்கட்டி, உப்பிட்டு மாதக்கணக்கில் முதிரவைத்த உலர்ந்த வகை. அதனால்தான் அது கடற்பயணத்தைத் தாங்கியது. பனீருக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை.

உபரிப்பால் பிறந்த கதை

தமிழ்நாட்டில் பால்வளத்துக்கெனத் தனித்துறை 1958இல் தொடங்கப்பட்டது. 1970இல் வர்கீஸ் குரியன் தலைமையிலான தேசியப் பால்வள வாரியம் 'வெண்மைப் புரட்சி' என்று அழைக்கப்படும் திட்டத்தைத் தொடங்கியது. 1972இல் தமிழ்நாடு பால்வளக் கழகமும், 1981இல் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர்கள் இணையமும் அமைந்தன. இந்த இணையத்தின் வணிகப்பெயரே ஆவின்.

தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986 அக்டோபர் 20 அன்று. அதன் பிறகும் பால் ஒன்றியம் நெடுங்காலம் திருநெல்வேலியோடு சேர்ந்தே இயங்கியது. மாவட்டத்தின் கோவில்பட்டி, விளாத்திகுளம், ஓட்டப்பிடாரம் வட்டாரங்கள் மழையை நம்பிய கரிசல் பூமி. விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் சோளத்தட்டையைத் தின்னும் கறவைமாடுதான் அங்கே குடும்பத்தின் கைச்செலவுக்குத் துணை. மழைக்குப் பின் பசுந்தீவனம் கிடைக்கும் மாதங்களில் பால் பெருகும். ஆனால் பெருகிய பாலைக் குடிக்கும் வாய்கள் அதே அளவில் பெருகுவதில்லை. மிஞ்சும் பாலை வாங்குவோர் இல்லையென்றால் விலை சரியும். பால்பொடி, வெண்ணெய், பனீர் போன்ற பொருள்களுக்குத் தேவை ஏற்பட்டது இந்த இடத்தில்தான்.

செய்முறை

ஆலைமுறைப் பனீருக்கு அடிப்படை வகுத்தவை கர்நாலில் உள்ள தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தின் ஆய்வுகள். 1923இல் பெங்களூரில் தொடங்கப்பட்ட இந்நிலையம் 1955இல் கர்நாலுக்கு மாற்றப்பட்டது.

முதலில் பாலின் கொழுப்பைச் சீராக்கி, 80 முதல் 90 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்குவர். இவ்வெப்பத்தில் கிருமிகள் அழிவதுடன், தெளிநீரோடு போகக்கூடிய புரதங்களும் கேசின் புரதத்துடன் ஒட்டிக்கொள்கின்றன. இதனால் கட்டியின் அளவு கூடுகிறது. பின்னர் சூட்டை 70 டிகிரி அளவுக்குத் தணித்து, சிட்ரிக் அமிலக் கரைசலைச் சேர்ப்பர். வீட்டில் எலுமிச்சைச் சாறு செய்யும் வேலையை ஆலையில் இக்கரைசல் செய்கிறது. திரிந்த பாலின் நீரை வடித்து, அச்சில் இட்டு அழுத்தி, 4 முதல் 6 டிகிரிக் குளிர்நீரில் சில மணி நேரம் மூழ்கவைத்தபின் வெட்டி உறையிடுவர். காற்று நீக்கிய உறையில் அடைத்துக் குளிரில் வைத்தால், சில நாள் மட்டுமே தாங்கும் பனீர் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கும். நெடுந்தொலைவு விற்பனைக்கு வழி திறந்தது இந்த உறைதான்.

ஈரோட்டிலிருந்து கடற்கரைக்கு

தமிழ்நாட்டில் பனீர் வணிகத்துக்கு முன்னோடியாகக் கருதத்தக்கது ஈரோட்டு வட்டார நிறுவனமான மில்க்கி மிஸ்ட். விசைத்தறித் தொழிலிலிருந்து பால் வணிகத்துக்கு வந்த குடும்பத்தைச் சேர்ந்த டி. சதீஷ்குமார், 1990களில் பனீர் செய்து பெங்களூருக்கு அனுப்பினார். பின்னர் நிறுவனம் பால் விற்பனையை விட்டு, பாலில் செய்யும் பொருள்களில் மட்டும் கவனம் செலுத்தியது. பெருந்துறையில் பெரிய ஆலை எழுந்தது. ஆவினும் பனீர் விற்கிறது. உணவகங்களும் பல்பொருள் அங்காடிகளும் பெருகி, வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டி வந்த காலத்தில், குளிரூட்டிய வண்டிகள் இப்பொருளைத் தென்கோடிக் கடைகள்வரை கொண்டுசேர்த்தன. மீனுக்குப் பெயர்போன ஊரிலும் சைவ விருந்துகளில் பனீர் குழம்பு இடம்பெற்றது.

பெயரும் விலையும்

இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் விதிப்படி, பனீரில் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மிகக் கூடாது. நீர் நீங்கிய எடையில் பால்கொழுப்பு 50 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. குறைந்த கொழுப்புள்ள வகைகளுக்குத் தனி அளவு உண்டு. பால்கொழுப்புக்குப் பதிலாகத் தாவர எண்ணெய் சேர்த்துச் செய்வதைப் பனீர் என்ற பெயரில் விற்கலாகாது. அது மாற்றுப்பொருள் என்பதை உறையில் குறிப்பிட வேண்டும். பனீரில் மாவு கலந்திருப்பதை எளிதில் கண்டறியலாம்: சிறு துண்டைக் கொதிக்கவைத்து ஆறியபின் ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீலநிறம் தோன்றும். தாவர எண்ணெய்க் கலப்பை அறிய ஆய்வகச் சோதனையே வேண்டும்.

இவ்விதிகளின் பயனை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு கிலோ பனீருக்கு ஏறத்தாழ 6 முதல் 7 லிட்டர் பசும்பாலோ 5 லிட்டர் எருமைப்பாலோ தேவை. 2022 நவம்பரில் ஆவின் கொள்முதல் விலை பசும்பாலுக்கு லிட்டர் 35 ரூபாயாகவும், எருமைப்பாலுக்கு 44 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. அந்த விலையில் பாலுக்கு மட்டுமே 210 ரூபாய்க்குக் குறையாது. எரிபொருள், கூலி, குளிரூட்டல், போக்குவரத்து எல்லாம் அதற்கு மேல். இந்தத் தொகைக்கும் கீழே விற்கப்படும் 'பனீர்' முழுவதும் பாலால் ஆனதாக இருக்க முடியாது.

எண்ணெய்க் கட்டி பனீரின் பெயரில் விற்கும்போது வாங்குபவர் ஏமாறுகிறார் என்பது தெரிந்ததே. அதே விற்பனையில், அந்த 6 லிட்டர் பாலுக்குக் கிடைத்திருக்க வேண்டிய வாங்குவோரைக் கரிசல் காட்டு மாடு வளர்ப்போரும் இழக்கின்றனர்.