வழக்குக்கு முந்திய தண்டனை

கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் ஊரான இளையரசனேந்தல் ஒரு காலத்தில் ஜமீன் ஊர். ஜமீன்களுக்கு முந்திய பாளையப்பட்டு நாள்களில் இப்பகுதியில் காவலும் நீதியும் பாளையக்காரர் கையிலேயே இருந்தன. குற்றம் சாட்டுபவரும் தீர்ப்பளிப்பவரும் ஒருவரேயானால், சாட்டப்பட்டவர் சொல்லுக்கு இடமேது?

சிலப்பதிகாரத்தை வகுப்பில் நடத்தும்தோறும் இக்கேள்வி நம்மை உறுத்துவதுண்டு. பொற்கொல்லன் சொன்னான், பாண்டியன் ஏவினான், கோவலனை மன்னன் வினவவேயில்லை. கொலைக்களக் காதை முடிந்த பின்னரே வழக்குரை காதை வருகிறது. தண்டனை முந்திக்கொள்ள, வழக்கு பிந்தி வந்ததே மதுரையின் பிழை.

ஆங்கிலேயர் சட்டநூல்களோடு வந்தனர். எனினும் மாவட்ட ஆட்சியரே மாவட்ட மாஜிஸ்திரேட்டாகவும் இருந்தார். அதன் பொருளை வ.உ.சிதம்பரனார் வாழ்வில் காண்கிறோம். ஒட்டப்பிடாரத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கிய அவர், காவல்துறை தொடுத்த வழக்குகளில் ஏழைகளுக்காக வாதாடியவர். அவரையே நன்னடத்தைப் பிணை கேட்கும் நடவடிக்கையின் பேரில் ஆட்சியர் விஞ்ச் 1908 மார்ச் 12 அன்று சிறைப்படுத்தினார். அரச நிந்தனை வழக்கில் நீதிபதி பின்ஹே அவருக்கு விதித்தவை இரண்டு ஆயுள் தண்டனைகள். சேர்த்தெண்ணினால் 40 ஆண்டுகள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதனை 6 ஆண்டுகளாகக் குறைத்தது. மேல்முறையீடு என்னும் உரிமை இல்லாதிருந்தால் அவர் கதி என்னவாகியிருக்கும்?

1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் இப்பிழையைத் திருத்த முயன்றது. கைதானவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். அவர் தம் விருப்பப்படி வழக்கறிஞரை அமர்த்தலாம். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட வேண்டும் என்கிறது 22ஆம் பிரிவு. தமக்கெதிராகத் தாமே சாட்சி சொல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது 20ஆம் பிரிவு. நிர்வாகத்தினின்று நீதியைப் பிரிக்கும் கடமையை 50ஆம் பிரிவு அரசுக்கு விதிக்கிறது. ஆயினும் அதே 22ஆம் பிரிவு தடுப்புக் காவலுக்கு விலக்களித்து ஒரு வாயிலைத் திறந்தும் வைத்துள்ளது.

ஏட்டில் எழுதியது காவல் நிலையப் படியேறுமா? 2020 சூனில் தூத்துக்குடி மாவட்டத்துச் சாத்தான்குளத்தில் பொதுமுடக்க விதிமீறல் என்று கைதான தந்தையும் மகனும் காவலில் தாக்குண்டு மாண்டனர். அவர்கள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுசெல்லப்படாமலில்லை. சடங்கு நடந்தது, வினவல் நடக்கவில்லை. கோவலனுக்கு மறுக்கப்பட்டதும் அந்த வினவலே.

சிறை மீண்ட வ.உ.சி., பறிபோன வழக்கறிஞர் உரிமத்தை நீதிபதி வாலஸ் உதவியால் திரும்பப் பெற்றார். நன்றி மறவாது மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். பின்னர் அவர் வழக்கறிஞராகத் தொழில் நடத்திய ஊர்களுள் ஒன்று, இளையரசனேந்தலுக்கு அண்மையிலுள்ள கோவில்பட்டி. குற்றவாளிக் கூண்டில் நின்ற மனிதர், கூண்டில் நிற்போருக்காகப் பேச மீண்டும் எழுந்து நின்றது நம் கரிசல் மண்ணில்தான். தியாகி என்று அவரைப் போற்றும் நாம், வழக்கறிஞர் என்றும் நினைவிற்கொள்ள வேண்டும்.