இரண்டு சொற்களுக்கு இடையே 14 ஆண்டுகள்

ஆங்கிலத்தில் காலம் குறிக்கும் சொற்களுள் எதைத் தேர்வது என்னும் ஐயம் மொழிபெயர்ப்பில் ஈடுபடும் நமக்கு அடிக்கடி எழுவதுதான். 'ஃபோர்த்வித்', 'அட் ஒன்ஸ்', 'ப்ராம்ப்ட்லி' ஆகிய மூன்றையும் 'உடனே' என்றெழுதிக் கடந்துவிடுகிறோம். ஆயினும், இத்தகைய சொல் ஒன்றை விடுத்து வேறொன்றை எடுத்ததால் ஒரு தலைமுறையின் பள்ளிப்பருவமே கழிந்துபோன வரலாறு உண்டு.

பள்ளிகளில் குழந்தைகளை நிறத்தால் பிரித்துவைப்பது அரசியலமைப்புக்கு முரணானது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எப்போது இணைப்பது என்பதை மட்டும் அன்று சொல்லவில்லை. கறுப்பினக் குடும்பங்களுக்காக வாதாடிய தர்குட் மார்ஷல் தரப்பு வேண்டிய சொல் 'ஃபோர்த்வித்'. தாமதத்துக்கு இடமளிக்காத சொல் அது. 1955 மே 31 அன்று தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் வழங்கிய இரண்டாம் தீர்ப்பில் இடம்பெற்றதோ 'வித் ஆல் டெலிபரேட் ஸ்பீட்' என்னும் தொடர். நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர் விரும்பி வலியுறுத்தியது இது. அவர் பெரிதும் மதித்த நீதிபதி ஹோம்ஸ் 1911இலேயே ஒரு தீர்ப்பில் இதைக் கையாண்டிருந்தார். பிரான்சிஸ் தாம்சனின் 'தி ஹவுண்ட் ஆஃப் ஹெவன்' கவிதையிலும் 'டெலிபரேட் ஸ்பீட்' என்று இவ்விரு சொற்களும் இணைந்தே வருகின்றன.

கவிதைக்கு அழகு சேர்த்த முரண் ஆணைக்கு ஊனமாயிற்று. 'ஸ்பீட்' விரைவைக் குறிக்கும். 'டெலிபரேட்' ஆய்ந்து அமையும் நிதானத்தைக் குறிக்கும். பெயர்ச்சொல் முன்னே இழுக்க, அடைமொழி பின்னே இழுத்தது. தென்மாநிலங்கள் அடைமொழியைப் பற்றிக்கொண்டன. பிரவுன் வழக்கோடு இணைந்த வழக்குகளுள் ஒன்று எழுந்த வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வர்ட் வட்டாரம், இணைப்பதைவிட மூடுவதே மேல் என்று 1959இல் அரசுப் பள்ளிகளையே மூடியது. வெள்ளையர் பிள்ளைகளுக்குத் தனியார் பள்ளி எழுந்தது. கறுப்பினப் பிள்ளைகளுள் பெரும்பாலோருக்கு 1964 வரை முறையான பள்ளியே இல்லை. தீர்ப்பு வந்து பத்தாண்டு நிறைந்தபோதும், தென்மாநிலங்களில் வெள்ளையரோடு பயின்ற கறுப்பினப் பிள்ளைகள் நூற்றுக்கு இருவர்கூட இல்லை.

அந்த நிதானத்துக்கான காலம் முடிந்துவிட்டதென 1964இல் நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதினார். 1969இல் அலெக்சாண்டர் வழக்கில் நீதிமன்றம் 'அட் ஒன்ஸ்' என்றது. மார்ஷல் தரப்பு கேட்ட பொருளுக்கே வந்துசேர 14 ஆண்டுகள் ஆயின. முதல் வகுப்பில் காத்திருந்த குழந்தை அதற்குள் பள்ளிப்பருவத்தையே கடந்திருக்கும்.

செயலில் இறங்குமுன் ஆராய்க, இறங்கியபின் ஆராயப் புகுவது குற்றம் என்பது வள்ளுவர் காட்டும் நெறி. 1954இல் துணிந்தவர்கள் 1955இல் ஆராயப் புகுந்தார்கள். அடுத்த முறை 'உடனே' என்றெழுதும்போது, மூலத்தில் இருப்பது எந்தச் சொல் என்று நாம் ஒருகணம் திரும்பிப் பார்ப்போமாக.