தெற்கு வானத்தில் ஒரு மாலுமியின் பெயர்

ஆழ்வார்திருநகரிக்குத் தெற்கே தேரிக்காட்டுப் பக்கம் விளக்கு வெளிச்சம் குறைவு. தை மாதத்து நிலவில்லாத இரவில், ஒன்பது பத்து மணிக்கு, அகத்திய நட்சத்திரத்துக்குக் கீழே சற்று மேற்காகப் பாருங்கள். (அகத்தியரும் வடக்கிலிருந்து வந்த பெயர்தானே என்று கேட்கலாம், அது வேறு வழக்கு.) அடிவானத்திலிருந்து நீட்டிய கையின் முஷ்டி உயரத்தில் ஒரு வெண்புகைத் திட்டு, தூசி விட்டுவைத்தால், தெரியும். மேகமல்ல அது. சுமார் 1,60,000 ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் தனியொரு காலக்ஸி. பெயர், பெரிய மெகல்லன் மேகம். அதைவிட மங்கலானது சிறிய மெகல்லன் மேகம்.

மெகல்லன் யார்? 1505இல் அல்மெய்டாவின் போர்ச்சுக்கீசியக் கப்பற்படையோடு இந்தியா வந்த சிப்பாய். பிறகு ஸ்பெயினுக்காக 1519இல் கடல் கிளம்பியவர். 1521இல் குவாம் தீவில் வீடுகளை எரித்து, ஆட்களைக் கொன்று, அதற்குத் 'திருடர் தீவு' என்று பெயரும் வைத்துவிட்டுப் போனது இவர் கூட்டம்தான். அதே ஆண்டு மக்தான் தீவுக்காரர்கள் அவரைக் கொன்றார்கள். சரி, மேகங்களை ஐரோப்பாவுக்கு முதலில் சொன்னவராவது இவரா? அதுவுமில்லை. கொச்சியிலிருந்து ஆந்த்ரேயா கொர்சாலி என்ற ஃபிளாரன்ஸ்காரர் எழுதிய கடிதம், இரு மேகங்களின் படத்தோடு, 1516லேயே அச்சாகிவிட்டது. தென்பாதி உலகத்து மக்களோ தலைமுறை தலைமுறையாக அவற்றின் கீழேயே வாழ்ந்தவர்கள். பெயரிடுவது அதிகாரத்தின் வேலை என்பதற்குத் தனிக் கோட்பாடு வேண்டியதில்லை. 1530களில் நம் முத்துக்குளித்துறைக்கு வந்து சேர்ந்ததும் அதே கப்பல் அதிகாரம்தான்.

அங்கே நடப்பதைப் பார்ப்போம். இரு மேகங்களும் ஒன்றையொன்று இழுத்ததில் வாயு பிய்ந்து, நடுவே ஒரு பாலமாகக் கிடக்கிறது. பின்னால் நீளும் வாயு ஓடையை 1974இல் ரேடியோ வானியலாளர்கள் இனங்கண்டார்கள். இதை 'மோதல்' என்று எழுதுவது நம் பத்திரிகைப் பழக்கம். நட்சத்திரங்கள் அநேகமாக மோதுவதேயில்லை. 1943இல் சந்திரசேகர் (சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர், தமிழில் அவரை 1.4 எல்லைக்கும் 1983 நோபலுக்கும் மட்டுமே நினைக்கிறோம்) சொன்னது இது: நட்சத்திரக் கூட்டத்துக்குள் பெரிய பொருள் ஒன்று நகர்ந்தால், அதன் ஈர்ப்பால் சின்னவை அதன் பின்னால் திரளும், திரண்டவை அதைப் பின்னிழுத்து வேகத்தைக் குறைக்கும். அண்டைக் காலக்ஸிகள் கடைசியில் ஒன்றாவது இந்த இழுவையினால்தான். பெரிய மேகம் நம் பால்வீதியில் கலக்க சுமார் 240 கோடி ஆண்டு ஆகும் என்கிறது 2019இல் வந்த ஒரு கணக்கு. தமிழ்ப் பெருமை பேச நான் இதைச் சொல்லவில்லை. அங்கே நடக்கும் வேலைக்கும் அங்கே ஒட்டியிருக்கும் பெயருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

2023இல் வானியலாளர்களுக்குள்ளிருந்தே இந்தப் பெயரை மாற்றும் கோரிக்கை எழுந்தது. தமிழில் எழுதுகிற நாம் யார் உத்தரவுக்கும் காத்திருக்க வேண்டாம். பழைய லத்தீன் வான்படங்களிலேயே மெகல்லன் இல்லை. பெரிய மேகம், சிறிய மேகம் என்றுதான் போட்டிருந்தார்கள்.